படம் எடுத்தவர் வராத ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு வகுப்புக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். பனியன் கம்பெனி முதலாளியின் மகன் செல்வராஜ்; சினிமாக் கொட்டகையில் ஆப்பரேட்டருக்கு உதவியாளாக இருந்த லட்சுமணன்; இன்னொரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த விசாலம்; நோட்டும் பேனாவுமாக நான். வராதவர்கள் இரண்டு பேர். மாஸ்டருக்குக் கோயமுத்தூரில் காய்ச்சல். குமாரசாமிக்கு மங்கலத்தில் தறி.

அன்றைக்கு நாங்கள் போட்டுப் பார்த்த படம் குமாரசாமி எடுத்தது.

இந்த மாதத்தோடு, படம் எடுக்கக் கற்றுத்தரும் நம் ஞாயிறு வகுப்பின் உதவி ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைத்திருக்கிறது. எனக்குப் பின்னால் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போகும் உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போகச் சொன்னார் மாஸ்டர். காமிராவில் ரீல் மாட்டுவதையும் வெளிச்சம் பார்ப்பதையும் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்குக் கை வந்திருக்கிறது. ஒரு மாணவன் எடுத்த படத்தை மற்ற மாணவர்கள் பார்த்துவிட்டு வாய் திறக்கிறார்களே, அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். வகுப்பில் ஆபத்தான கருவி என்று ஒன்று இருந்தால் அதுதான். அதை நான் ஒருமுறை தப்பாகப் பிடித்தேன். அப்போது நானும் மாணவன்.

முதலில் நம் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் யார் முகத்துக்கு நேராகவும் குறை சொல்ல மாட்டார்கள். செல்வராஜ் தன் முதல் படத்தைப் போட்டுக் காட்டியபோது அவனுடைய கம்பெனியே புகைக்குள் இருப்பது போல மங்கலாக விழுந்தது. எது மெஷின், எது மனிதன் என்று தெரியவில்லை. படம் முடிந்ததும் வரிசையாகச் சொன்னோம். “நல்லா இருக்குதுங்க.” “நல்லாத்தானுங்க இருக்குது.” “ரொம்ப நல்லா இருக்குதுங்க.”

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கல்யாணப் பந்தியில சாம்பார் எப்படின்னு கேட்டாச் சொல்ற மாதிரியே சொல்றீங்களேப்பா!”

“சாம்பாரு நல்லாத்தானுங்க மாஸ்டர் இருக்கும்” என்றான் லட்சுமணன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “ஒருத்தர் படத்தைப் பத்தி இன்னொருத்தர் உண்மையச் சொல்லலீன்னா நான் இந்த வகுப்புக்கு பஸ் ஏறி வர்றதே வீண்” என்றார். அந்தச் சொல் என்னைத் தைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆசிரியர் வீண் என்று சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் குமாரசாமியின் படம் பம்பாயில் கழுவி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, உண்மை ஒன்று விடாமல் எழுதிவிடுவது என்று நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். புரஜெக்டர் செல்வராஜின் மாமாவுடையது; அன்றைக்கு விட்டால் அடுத்த வாரம் கிடைக்குமா என்று தெரியாது. “ஆள் வரட்டுமே” என்று விசாலம் சொன்னாள். “எழுதிக் கொடுத்துட்டாப் போச்சுங்க” என்றேன். நான்தான் சொன்னேன்.

படம் நாலு நிமிஷம். குமாரசாமியின் அக்கா மயிலாத்தாள் வீட்டிலிருந்து தறிக் குடோனுக்கு நடந்து வருகிறாள். அவளுக்கு அங்கே தார் சுற்றும் வேலை. தார் என்றால் தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் போகும் நூல் குச்சி. அது தீர்ந்தால் தறி நின்றுவிடும். படத்தில் மூன்று நிமிஷத்துக்கு மேல் நடைதான். பட்டுச்சீலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மெல்ல மெல்ல வருகிறாள். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து வருகிறாள்.

குமாரசாமி எதிரே இருந்திருந்தால் நாலு “நல்லா இருக்குதுங்க”வோடு முடிந்திருக்கும். ஆள் இல்லை. மாஸ்டரும் இல்லை. நாக்கு அவிழ்ந்துகொண்டது.

“அக்கா வந்து சேர்றதுக்குள்ள கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாமுங்க” என்றான் செல்வராஜ். எழுதினேன்.

“எங்க கொட்டாயா இருந்தா இந்நேரம் பெஞ்சை ஒடச்சிருப்பாங்க” என்றான் லட்சுமணன். எழுதினேன்.

“நீங்க?” என்று விசாலத்தைக் கேட்டேன். அவள் தலையை ஆட்டி, “எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள். அவள் பெயருக்கு எதிரே “கருத்து இல்லை” என்று எழுதினேன். எழுதும்போது அவள்மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட இருந்தது.

கடைசியாக என் கருத்து. அதைப் பேச்சுத்தமிழில் எழுத மனம் வரவில்லை. நன்றாக யோசித்து இப்படி எழுதினேன்: “படத்தில் வரும் பெண்ணின் நடை சரியாக அமையவில்லை. நடை நன்றாக உள்ள வேறொரு பெண்ணை நடக்க வைத்துப் பின்புறமிருந்து எடுத்துச் சேர்த்தால் நேரமும் மிச்சமாகும், படமும் சிறக்கும்.” கீழே கையெழுத்தும் போட்டேன்.

கிண்டல் எதுவும் அதில் இல்லை. உதவி என்று நினைத்துத்தான் எழுதினேன். இளையவர்களே, கிண்டல் செய்தவர்கள் இரண்டு பேரும் யாரையும் பெரிதாகக் காயப்படுத்தவில்லை. உதவி செய்தவன்தான் செய்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

அந்தப் படம் குமாரசாமிக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றுப்பட்ட ஊர்களின் வகுப்புகளிலிருந்து ஆளுக்கொரு படம் கோயமுத்தூரில் ஒரு மண்டபத்தில் காட்டுவதாக ஏற்பாடு. எங்கள் வகுப்பிலிருந்து குமாரசாமி படம்தான் என்று மாஸ்டர் முடிவு செய்திருந்தார். முதல் ரீல்தான் வந்திருந்தது. மிச்சத்தை எடுத்துப் பம்பாய்க்கு அனுப்பி வரவழைக்க ஆறு வாரம் இருந்தது. படம் முழுக்க மயிலா அக்காதான். அக்கா வராவிட்டால் படம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் தறியில் நிற்கிற ஒருவன் தூக்கத்தைக் குறைத்து எடுத்த படம் அது.

மறுநாள் வேலை விட்டதும் மங்கலம் பஸ் ஏறினேன். குமாரசாமி ஷிப்டில் இருந்தான். வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மயிலா அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“வாங்க தம்பி. குமாரு கூடப் படிக்கறவிங்களா? உக்காருங்க, மோரு கொண்டாறேன்.”

“வேண்டாங்க அக்கா. இந்தத் தாளைக் குமாரசாமிகிட்டக் குடுத்துட்டாப் போதுமுங்க.”

“என்னங்க தம்பி அது?”

“படத்தைப் பாத்தமுங்க. எல்லாரும் என்ன சொன்னாங்கன்னு எழுதியிருக்குதுங்க.”

அவள் முகம் மலர்ந்த விதத்தை நான் இன்றும் மறக்கவில்லை. முறத்தைத் தள்ளி வைத்தாள். “நம்ம படமா? படிங்க தம்பி, படிங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. எத்தனை பேரு பாத்தீங்க?”

“நாலு பேருங்க.”

எங்கள் அப்பா சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர். தாளில் ஒன்று எழுதியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். ஒரு எழுத்தை விட்டாலும் பாவம் என்று பழகியவன். அப்படியே படித்தேன்.

டீக் கதையைக் கேட்டு மயிலா அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “நெசந்தானுங்க! அவன் மெல்ல நட, மெல்ல நடன்னு உசுர வாங்கிட்டான்.” பெஞ்சு உடைத்த கதைக்கும் சிரித்தாள். “அந்தத் தம்பி நல்லாப் பேசுதே, ஆரூட்டுப் பையன்?”

சிரித்துக்கொண்டே மோர் கொண்டு வர எழுந்தாள். உள்ளே போனாள். சாய்ந்து சாய்ந்து போனாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படத்தில் நான் “நடை” என்று எழுதியது ஒரு கால். சின்ன வயதில் காய்ச்சலில் சூம்பிப்போன கால். படம் பார்த்தபோது அதைப் படத்தின் பழுது என்று நினைத்தேனே தவிர, ஒரு மனுஷியின் கால் என்று நினைக்கவே இல்லை.

அவள் டம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். “ம், அப்பறம்?”

“விசாலம், கருத்து இல்லைங்க” என்று படித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

அவள் விரல் மடக்கினாள். “டீ குடிக்கறேன்னவரு ஒண்ணு. பெஞ்சு ஒடச்சவரு ரெண்டு. பேசாத அம்மிணி மூணு. நாலு பேருன்னீங்களே தம்பி. உங்க பேச்சு வரலியே?”

வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷம் எல்லோருக்கும் வரும். அந்த நேரத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். “நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கேனுங்க” என்று படித்திருக்கலாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தாள் குமாரசாமி கைக்குப் போகும். அவன் அதையும் அவளுக்குப் படித்துக் காட்டுவான். பிரித்துப் படித்தேன். என் சொந்த வரிகள் வாயில் மணல் மாதிரி நெறிபட்டன. கையெழுத்து வரைக்கும் படித்தேன்.

அவள் முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“செரிங்க தம்பி. வேற ஆளை வெச்சே எடுத்துக்கட்டும். மோரைக் குடிங்க, வெயில்ல வந்திருக்கறீங்க.”

மோரைக் குடித்தேன். குடிக்காமல் போனால் அது இன்னொரு அவமானம்.

இரண்டு நாள் கழித்துக் குமாரசாமி வகுப்புக் காமிராவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து செல்வராஜின் கம்பெனியில் கொடுத்துவிட்டான். “அக்கா இனி வரமாட்டேங்குதுங்க. எனக்கும் தறிப்பக்கம் வேலை எச்சா இருக்குது” என்றான். யார் மேலும் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தும் “வாங்க” என்றான். கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அவன் போன பிறகு கம்பெனி வாசல் கேட்டருகே நாங்கள் நான்கு பேரும் நின்றோம். சாக்கடையில் சலவைப்பட்டறைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

“நீ ஏன்டா அதைப் போயி அந்தக்கா கிட்டயே படிச்சே?” என்றான் செல்வராஜ்.

“கேட்டாங்க. படிச்சேன்.”

“உன்னை ஆராச்சும் வெஷம் குடிக்கச் சொன்னா குடிச்சுருவயாட்டிருக்குது” என்றான் லட்சுமணன்.

விசாலம்தான் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தாள். “படிச்சது தப்பில்லீங்க. ஆளில்லாம பேசுனமே, அதுதானுங்க தப்பு.”

“நீங்கதான் பேசவேயில்லியே?” என்றேன்.

“ஆமாங்க. நாங்க செக்கிங்ல அப்படிப் பண்ணமாட்டமுங்க. துணியில கோடு விழுந்திருந்தா, ஓட்டுனவரு மேசைக்கு வரோணும். அவரு கையப் புடிச்சு அந்தக் கோட்டு மேல வெப்போம். ‘இங்கிருந்து இதுவரைக்கும்’னு மட்டும் சொல்லுவோம். எந்த ஊசி ஒடஞ்சுதுன்னு அவருக்கே தெரிஞ்சுபோகும். துணி நல்லா இல்லைன்னோ, ஓட்டுனவரு செரியில்லைன்னோ ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். ஆளு வரலீன்னா துணிய மடிச்சு எடுத்து வெச்சுருவோம்.”

நான் “கருத்து இல்லை” என்று எழுதியது இதற்கு எதிரேதான்.

“இப்ப என்ன பண்றதுங்க?” என்றான் செல்வராஜ்.

“துணிய அவங்ககிட்டக் கொண்டுபோகோணுமுங்க. அந்தக்கா படத்தைப் பாத்தாங்களா?”

பார்க்கவில்லை. நாலு பேர் பார்த்து, சிரித்து, எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தோம். வராதவர்கள் இரண்டு பேர் என்று கணக்கு வைத்திருந்தேன். மூன்றாவது பெயர் என் மண்டையில் வரவே இல்லை.

அடுத்த ஞாயிறு புரஜெக்டரைச் சாக்கில் கட்டி மங்கலம் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர், “என்னங்க, தையல் மெஷினா?” என்று கேட்டு லக்கேஜ் போட்டார். தறிக் குடோனை ஒட்டி நூல் மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டால் பட்டப்பகலிலும் இருட்டு. தறிக்காரர், “சித்த நேரந்தானுங்க” என்று அனுமதி கொடுத்தார். தறி நிற்காது, குமாரசாமிக்கு மட்டும் அரைநாள் லீவு. பக்கத்துச் சுவரில் தறிகள் ஓடுகிற சத்தத்தில் பேசுவதைக் கத்தித்தான் பேச வேண்டும்.

மயிலா அக்கா முதலில் வரமாட்டேன் என்றாள். விசாலம் போய் என்ன சொன்னாளோ, கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள். நூல் மூட்டை மேல் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, “தம்பி நோட்டுக் கொண்டாரலீங்களா?” என்றாள். நிஜமாகவே கேட்டாளா, குத்தினாளா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

செல்வராஜ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பனியன் துணிதான் திரை. நாலு மூலையிலும் ஆணி அடித்து இழுத்துக் கட்டினோம். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் நீளும். படம் விழுந்ததும் மயிலா அக்கா ஒரு சுற்றுப் பருத்துத் தெரிந்தாள்.

“அய்யோ, பூசணிக்காயாட்டம்!” என்று அவளே கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு படத்தில் அவள் நடக்கத் தொடங்கினாள், சிரிப்பு நின்றுவிட்டது.

தான் நடப்பதைத் தானே பார்ப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவள் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி கிடையாது. முப்பது வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். படம் ஓடி முடிந்து வெள்ளை வெளிச்சம் மட்டும் விழுந்தது.

“நான் இப்படித்தான் நடக்கறனா?” என்றாள். தறிச் சத்தத்தில் அது கேட்கவில்லை. மறுபடி சத்தமாகக் கேட்டாள். “நான் இப்படித்தான் நடக்கறனா குமாரு?”

குமாரசாமி தரையைப் பார்த்தான். செல்வராஜ், “நல்லா இருக்குதுங்க அக்கா!” என்று கத்தினான். அந்த வார்த்தையை வாழ்நாளெல்லாம் மெல்லத்தான் கேட்டிருக்கிறோம். அப்படிக் கத்திச் சொன்னபோதுதான் அது எவ்வளவு வெற்றுச் சொல் என்று தெரிந்தது. செல்வராஜுக்கே தெரிந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். தாளில் எழுதினவன் நான்தானே. “இல்லீங்க” என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அடக்கினேன்.

“கால் இப்படித்தானுங்க அக்கா” என்று கத்தினேன். “நடை இப்படியான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் உங்க நடையப் பாத்ததில்லீங்க. மோரு கொண்டார உள்ளே போனதை மட்டுந்தான் பாத்தேன். அது வேற மாதிரி இருந்துதுங்க.”

அதை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. சொல்லும்போதுதான் அது உண்மை என்று எனக்கே பட்டது. மோர் எடுக்கப் போனவள் சட்டென்று போனாள். படத்தில் வருகிறவள் சாமி ஊர்வலத்துக்கு வருகிற மாதிரி வந்தாள்.

“இன்னொருக்காப் போடுங்க” என்றாள் விசாலம். லட்சுமணன் போட்டான். அவள் குமாரசாமியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போனாள். அவன் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தாள். அவன் விரல்களின் நிழல் அவன் அக்காவின் தோள்மேல் விழுந்தது.

“இங்கிருந்துங்க” என்று கத்தினாள். “அக்கா கண்ணைப் பாருங்க. உங்களையே பாத்துட்டு வர்றாங்க. அடுத்த அடி வெக்கலாமான்னு கேட்டுட்டு வர்றாங்க. இதுவரைக்குமுங்க.”

குமாரசாமி கையை எடுக்காமல் நின்றான். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கவும், பட்டென்று ஒரு சத்தம். புரஜெக்டர் பல்பு போய்விட்டது. தறிக் குடோனில் கரண்ட் ஏறி இறங்கும். அதை நாங்கள் யோசிக்கவில்லை. கருகின வாடை. கும்மிருட்டு.

“போச்சு, மாமா என்னைக் கொன்னுபோடுவாரு” என்றான் செல்வராஜ் இருட்டுக்குள்.

லட்சுமணன் தடவித் தடவிப் போய்க் கதவைத் திறந்தான். வெளிச்சத்தோடு தறியின் முழுச் சத்தமும் உள்ளே வந்தது. அந்தப் பக்கமிருந்து தறி ஓட்டுகிற பழனியண்ணன் தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

“மயிலா! தாரு தீந்துபோச்சு!”

மயிலா அக்கா யாரையும் பார்க்கவில்லை. மூட்டை மேலிருந்து எழுந்த அதே வேகத்தில் தார்க் கூடையை இடுப்பில் வைத்தாள். போனாள். தறிகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். அந்தச் சந்தில் இடது பக்கம் சாய்கிற சாய்ப்பிலேயே கூடையை ஒரு தறியில் படாமல் ஒதுக்கி, நிமிர்கிற நிமிர்ப்பில் அடுத்த தறியில் படாமல் ஒதுக்கி, நிற்காமல் போனாள். இரண்டு காலும் நேராக உள்ள நாங்கள் அந்தச் சந்தில் நாலு இடத்தில் இடித்திருப்போம். தாரைப் போட்டாள். நின்ற தறி ஓடியது. அதே மாதிரி திரும்பி வந்தாள்.

நாங்கள் ஐந்து பேரும் வாசலில் வாயைப் பிளந்து நின்றிருந்தோம்.

“என்னங்க, எல்லாரும் அப்படிப் பாக்கறீங்க?” என்றாள்.

“அக்கா” என்றான் குமாரசாமி. “இப்ப நடந்தயே, அது.”

“இதுவா? இது வேலைடா. இதையப் போயி எவனாச்சும் படம் புடிப்பானா?” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “நீதான் பட்டுச்சீலை கட்டு, பூ வை, மெல்ல நடன்னே. நம்மூட்டுக் கலியாணத்துக்கே நான் அப்படி நடக்கலியே! அது ஆரோ வேற ஒருத்தி.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “தம்பி, எடுக்கச் சொல்லுங்க. பட்டுச்சீலை கட்டமாட்டேன். ஆனா ஒண்ணு. நீங்க என்ன குத்தம் சொல்றதா இருந்தாலும் என்ற மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லோணும். தாள்ல எழுதிக்கிட்டு வரக்கூடாது.”

“செரிங்க அக்கா” என்றேன்.

அடுத்த வாரமே எடுத்தோம். நடை இருபது விநாடிகூட இல்லை. கூடையும், சந்தும், நின்ற தறி ஓடுவதும்தான் படம். எடுக்கும்போதே நானும் ஒன்று சொன்னேன், அவள் முகத்துக்கு நேராக: “அக்கா, திரும்பி வரும்போது காமிராவைப் பாத்துட்டீங்க.” “அட ஆமாங்க” என்று இன்னொருமுறை போய் வந்தாள். அவ்வளவுதான். குறை சொல்வது அவ்வளவு லேசான காரியமாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பம்பாயிலிருந்து ரீல் திரும்பி வந்த மூன்றாம் நாள் கோயமுத்தூர் மண்டபத்தில் காட்டினார்கள். மயிலா அக்காவும் வந்திருந்தாள், அந்தப் பட்டுச்சீலையில். படத்தில் தறி ஓடத் தொடங்கியபோது முன்வரிசையில் யாரோ “சபாஷ்” என்றார்கள். “ஆருக்குங்க சொல்றாங்க, தறிக்கா?” என்று விசாலத்தின் காதில் கேட்டாள்.

வகுப்பில் இன்றைக்கு இருக்கும் வழக்கங்களை நான் உண்டாக்கியதாகச் சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. படம் எடுத்தவர் வராவிட்டால் படத்தைப் போடாமல் மடித்து வைப்பது விசாலத்தின் செக்கிங் மேசையிலிருந்து வந்தது. திரைக்குப் பக்கத்தில் போய்க் கை வைத்து “இங்கிருந்து இதுவரைக்கும்” என்று சொல்வதும் அங்கிருந்துதான். படத்தில் வந்தவர்களையும் கூப்பிட்டு உட்கார வைப்பது மயிலா அக்காவால் வந்தது. உங்கள் மாணவர்கள் முதலில் “நல்லா இருக்குதுங்க” என்பார்கள். வையாதீர்கள், அது மரியாதை. ஆனால் அதோடு எழுந்து போக விடாதீர்கள். சிலர் என்னைப் போல நோட்டை எடுப்பார்கள். அவர்களைக் கொஞ்சம் கூடவே கவனியுங்கள். நல்ல எண்ணம் உள்ளவன் எழுதுகிற வரிக்குக் கூர் அதிகம்.

இந்தத் தாளை உங்களிடம் கொடுக்கும் முன் குமாரசாமி, விசாலம், செல்வராஜ், லட்சுமணன் நாலு பேருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். மங்கலத்துக்கும் போய் வந்தேன். மயிலா அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு மோர் கொடுத்தாள்.

நான் அன்றைக்கு எழுதிய தாள், நாற்பது பைசா நோட்டிலிருந்து கிழித்த ஒரே ஒரு தாள். புது ரீலும், பம்பாய்க்குப் பார்சலும், வெடித்த பல்பும், பஸ்ஸும், குமாரசாமிக்குப் போன அரைநாள் கூலியும் சேர்த்து நாங்கள் ஐந்து பேரும் பங்கு போட உட்கார்ந்தபோது, “என்ற படமுங்க அது” என்று சொல்லி மயிலா அக்கா ஆறாவது பங்கை வைத்தாள். மொத்தம் எழுபது ரூபாய் எழுபத்தைந்து பைசா.